காரியதரிசி வீட்டுப் பகல் சாப்பாடு

தூத்துக்குடி,
3-5-1946

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் இல்லையே என்று கோபமாக இருப்பீர்கள். எழுத உட்கார்ந்தால் நயினார் விழித்துக்கொள்கிறான். அவன் உறங்கினால் மதினி கூப்பிடுகிறார்கள். இரண்டு பேரும் சும்மா இருந்தால் எனக்கே கண் சொக்கிவிடுகிறது. இந்தக் கடிதத்தையும் மூன்றாவது தடவையாகத் தொடங்குகிறேன்.

நயினார் சுகம். குப்புற விழுகிறான். விழுந்தவனுக்குத் திரும்பத் தெரியாமல் அழுகிறான்.

வைகாசிக்குள் உங்கள் ஊருக்குப் போய் அத்தையோடு இருக்கும்படி மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். வெள்ளத்துரை அண்ணன் வீட்டில் இனியும் இருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அண்ணன் ஒன்றும் சொல்வதில்லை. மதினிதான் நேற்றுப் பக்கத்து வீட்டுக்காரியிடம், எனக்கும் கேட்கட்டும் என்று, “பேறுகாலத்துக்கு வந்தவ, பிள்ளைக்குப் பல்லு மொளைக்கது வரைக்கும் இருக்கா” என்றார்கள். தப்பாகச் சொல்லவில்லை. அவர்களுக்கும் நாலு பிள்ளைகள்.

ஆனால் உங்கள் ஊர் வேண்டாம் அத்தான். நம் மூத்தவள் ஆறுமுகத்தாய்க்குக் காய்ச்சல் கண்ட அன்று அந்தத் தேரி மணலில் வண்டிச் சக்கரம் புதைந்து புதைந்து, திருச்செந்தூர் போய்ச் சேருமுன் என் மடியிலேயே அவள் போனாள். அதே மணலுக்கு இவனைத் தூக்கிக்கொண்டு போக எனக்குத் துணிவில்லை.

இங்கே ஒரு வழி தெரிகிறது. வியாபாரிகள் சங்கத்துப் பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள். பள்ளிக்குப் பின்னால் டீச்சர் தங்க ஓர் அறையும் உண்டு. ஆஸ்பத்திரி அடுத்த தெரு. தலைமை ஆசிரியை நாசரேத்துக்காரர், ஜெபகனி டீச்சர். என் பி.ஏ. பட்டத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இது போதும். ஆனா கமிட்டி, பால்குடிப் பிள்ள உள்ளவங்க வேண்டாம்னு தீர்மானம் போட்டிருக்கு. போன வருசம் இருந்தவ மணிக்கொரு தரம் வீட்டுக்கு ஓடுனா. ஒனக்குப் பிள்ள இருக்கான்னு நான் கேக்கல, நீயும் சொல்லல” என்றார். நான் சொல்லவில்லை.

பள்ளியின் காரியதரிசி, உப்பு வியாபாரம் செய்கிற தாணுலிங்கம் அண்ணாச்சி. கேள்வி கேட்பது ஆபீசில் இல்லையாம். அவர் வீட்டில், பகல் சாப்பாட்டில். “சாப்பிட வச்சுப் பாத்தாத்தான் ஆளு யாருன்னு தெரியும்” என்பாராம். அரிசிக்கு ரேஷன் இருக்கிற நாளில் இப்படி ஒரு வழக்கம். விடுதியில் மணியடித்ததும் தட்டை ஏந்தி நின்று சாப்பிட்டவள் நான். வேலைக்காகச் சாப்பிட்ட பழக்கம் இல்லை. நீங்கள் அப்படி ஒரு சாப்பாட்டில்தான் கொழும்பு வேலைக்குத் தேர்வானீர்கள். என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று எழுதுங்கள்.

உங்கள் சீனித்தாய்

*

கொழும்பு,
10-5-1946

அன்புள்ள சீனித்தாய்க்கு,

நலம். உன் நலமும் நயினார் நலமும் நாடுகிறேன். 3ஆம் தேதி எழுதிய கடிதம் கிடைத்து விபரம் அறிந்தேன்.

எனக்கு இது பிடிக்கவில்லை. அம்மா உனக்காக வீட்டை வெள்ளையடித்து வைத்திருப்பதாக எழுதச் சொல்லியிருக்கிறாள். ஊரார் என்ன சொல்வார்கள் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பிள்ளை உண்டா என்று அந்த அண்ணாச்சி கேட்டால் என்ன சொல்வாய்? நயினாரை இல்லை என்றா சொல்லப் போகிறாய்?

கேட்டாய் என்பதற்காக எழுதுகிறேன். வியாபாரி வீட்டில் இலையில் மிச்சம் வைக்கக் கூடாது. அது எல்லாவற்றுக்கும் மேல். எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்ட அன்று என்னோடு ஏரலிலிருந்து வந்த ஒருவனும் சாப்பிட்டான். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். மீன் தலையை இலை ஓரத்தில் ஒதுக்கி வைத்தான். முதலாளி பார்த்துக்கொண்டார். மோர் ஊற்றுகிறபோது, “தம்பி நம்ம சரக்கயும் இப்பிடித்தான் ஒதுக்கும்போல” என்றார். அவ்வளவுதான். அவன் அடுத்த கப்பலில் ஊர் திரும்பினான்.

நீயாக எதையும் கேட்டு வாங்காதே. வைத்ததை வேண்டாம் என்றும் சொல்லாதே. சோறு விழுகிறபோது கேட்பதெல்லாம் சும்மா. ரசம் வரும்போதுதான் உண்மையான கேள்வி வரும். வாயில் இருப்பதை விழுங்கிவிட்டுப் பதில் சொல். சம்பளப் பேச்சை நீயாக எடுக்காதே. அவர்கள் எழுந்திருக்குமுன் எழுந்திருக்காதே.

கிடைத்தால் பார்ப்போம். கிடைக்காவிட்டால் வைகாசிக் கடைசியில் அம்மாவிடம் போய்விட வேண்டும். மச்சானுக்கும் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
செந்தில்வேல்

*

தூத்துக்குடி,
20-5-1946

அன்புள்ள அத்தானுக்கு,

சாப்பாடு முடிந்தது. முந்தாநாளே எழுதியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தள்ளிப் போட்டேன்.

நயினாருக்குப் பால் கொடுத்து, அழுதால் சங்கில் பசும்பால் புகட்டும்படி மதினியிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

நீங்கள் எழுதியதில் ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை. முதலாளி எதிரே உட்காரவில்லை. பெண்பிள்ளைகள் சாப்பிடுகிற இடத்தில் அண்ணாச்சி இருக்கமாட்டாராம். எங்களுக்கு உள் அறையில் இலை. அவர் கூடத்தில் சாய்வு நாற்காலியில் ஓலை விசிறியோடு. நடுவில் பாதி சாத்திய கதவு. கேள்விகள் அதன் வழியாக வந்தன. நான் விழுங்கிவிட்டுக் குரலை உயர்த்திப் பதில் சொல்ல வேண்டும். என் பக்கத்து இலையில் ஜெபகனி டீச்சர். பரிமாறியது அண்ணாச்சியின் மனைவி இசக்கியம்மாள். கேட்கிறவர் ஒருவர், பார்க்கிறவர் வேறொருவர் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

“பிள்ளைக பாடத்தப் படிக்காம வந்தா என்ன செய்விய டீச்சர்?” என்று கதவுக்கு அப்பாலிருந்து கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். இலையில் மீன் குழம்பு விழுந்தது.

“கொழம்பு போதுமா?” என்றார் இசக்கியம்மாள்.

“போதும்” என்றேன்.

“என்னது, படிக்காம வந்தாப் போதுமா?” என்றது கூடம்.

ஜெபகனி டீச்சர் தம்ளரை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினார். இசக்கியம்மாள், “ஏங்க, நான் கொழம்பக் கேட்டேன். நீங்க செத்த நேரம் சும்மா கெடங்க, பிள்ள ரெண்டு வாய் திங்கட்டும்” என்று சத்தம் போட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் ரசம் வந்துவிட்டது.

“வீட்டுக்காரரு கொழும்புலயோ?”

“ஆமா அண்ணாச்சி.”

“பிள்ளைக?”

இலையைப் பார்த்தேன். உங்கள் கேள்வி ஞாபகத்துக்கு வந்தது. நயினாரை இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை அத்தான். உண்டு என்று சொல்லவும் வரவில்லை. “ஒரு பொம்பளப் பிள்ள பொறந்துச்சு. தவறிட்டு” என்றேன்.

கூடத்தில் விசிறிச் சத்தம் நின்றது. “சரி சரி. சாப்பிடுங்க” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் இலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் மீதிச் சோற்றைத் தின்று முடித்தேன்.

பிறகு இசக்கியம்மாள் பலாச்சுளை கொண்டுவந்து வைத்தார்கள்.

இலையில் மற்றதெல்லாம் துடைத்த மாதிரி இருந்தது. மீன் தலையைக்கூட உறிஞ்சியாகிவிட்டது. சுளை மட்டும் கிடந்தது. பால் கொடுக்கிறவள் பலாச்சுளை தின்றால் பிள்ளைக்கு மாந்தம் என்பது வெறும் பேச்சு என்று எனக்குத் தெரியும். நான் படித்தவள். எடுத்தேன், வைத்தேன். மறுபடியும் எடுத்தேன். கை வாய்க்குப் போகவில்லை.

“பழம் பிடிக்காதோ?” என்றார்கள்.

“வயிறு நெறஞ்சிட்டு.”

“நெறஞ்சிட்டோ?” என்றபடி உள்ளே போனவர்கள் ஒரு கிண்ணத்தோடு வந்தார்கள். சுறாப்புட்டு. அவர்கள் மருமகள் பெற்று மாதம் ஒன்றாகிறதாம். பால் ஊற அவளுக்கு ஆக்கியது. பூண்டும் உள்ளியும் மணத்தது. “விருந்துக்கு இத வைக்கது கெடையாது. வாசனைக்கு ஒரு வாய் பாருங்க” என்றார்கள்.

அண்ணன் வீட்டில் சுறா வாங்கி எவ்வளவு நாளாகிறது. ஒரு வாய் என்றுதான் தொடங்கினேன். வயிறு நிறைந்துவிட்டது என்று சொன்ன வாயாலேயே கிண்ணத்தைக் காலி செய்தேன். நிமிர்ந்தால், இசக்கியம்மாள் கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பால் கொடுத்து நேரமாகிவிட்டதால் என் ரவிக்கையும் நனையத் தொடங்கியிருந்தது. முந்தானையை இழுத்து மூடினேன்.

குனிந்து, கூடத்துக்குக் கேட்காமல், “பிள்ளைக்கு எத்தன மாசம்ளா?” என்றார்கள். அதுவரை ‘நீங்க’, ‘டீச்சர்’ என்றெல்லாம் பேசியவர்கள்.

“ஆறு” என்றேன்.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். நான் கிளம்புகிறவரை வெளியே வரவில்லை. அண்ணாச்சி, “சொல்லி அனுப்புதேன்” என்றார். தெரு முனை திரும்பியதும் ஜெபகனி டீச்சர், “அந்தச் சுளையத் தின்னுருக்கலாமே” என்றார்.

வீட்டுக்கு வந்தபோது நயினார் அழுது அழுது குரல் கம்மிக் கிடந்தான். சங்குப் பாலைக் குடிக்கவில்லையாம்.

இனி என்ன ஆகுமோ. தூக்கமாக வருகிறது.

சீனித்தாய்

*

கொழும்பு,
28-5-1946

சீனித்தாய்க்கு,

கடிதம் கிடைத்தது. கிட்டங்கியில் மூட்டை இறங்குகிற நேரத்தில் வந்தது. பாதியை நின்றபடி படித்துவிட்டு மீதியைப் படிக்கப் பயந்து மடித்து வைத்தேன்.

நான் கேட்டதற்கு இதுதானா நீ கண்டுபிடித்த பதில்? செத்தவளைச் சொல்லி இருக்கிறவனை மறைத்திருக்கிறாய். பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அவள் பேச்சை நாம் இருவருமே வெளியாரிடம் எடுப்பதில்லை. முகம் தெரியாத ஒரு மனிதர் சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டதும் எடுத்து வைத்துவிட்டாய்.

அதோடு, நான் படித்துப் படித்து எழுதியும் மிச்சம் வைத்திருக்கிறாய். என்ன பெரிய காரியம்? ஒரு சுளைதானே. வாயில் போட்டு விழுங்கியிருந்தால் வேலை உன் கையில். ஒரு சுளை தின்றதால் எந்தப் பிள்ளைக்கு என்ன வந்துவிடப் போகிறது? பி.ஏ. படித்தவள் இதையெல்லாம் நம்பலாமா?

எப்படியும் வேலை போயிற்று. சாமான்களைக் கட்டு. அம்மா ஆள் அனுப்புவாள்.

செந்தில்வேல்

*

தூத்துக்குடி,
5-6-1946

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை இசக்கியம்மாள் இங்கே வந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல், வில்வண்டியில். மதினிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உட்காரச் சொன்னதற்கு உட்காராமல், “எங்கன ஒம் பிள்ள?” என்றார்கள். நயினாரைக் கொண்டுவந்து காட்டினேன்.

“இவனயா இல்லேன்ன?”

“இல்லேன்னு சொல்லல.”

“அந்தச் சாமர்த்தியமெல்லாம் எங்கிட்ட பேசாத. எங்க வீட்டு மனுசன் அன்னைக்கு ராச் சாப்பாடே சாப்பிடல. பாவம், பிள்ளையப் பறிகுடுத்தவகிட்ட கேட்டுட்டேனேன்னு. எனக்கு ஒன்ன நாலு அறை அறையணும்னு இருந்துச்சுளா.”

பிறகு நயினாரை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்கள். அண்ணாச்சியிடம் எல்லாம் சொல்லிவிட்டார்களாம், கமிட்டியை அவர் பார்த்துக்கொள்வாராம், வேலை எனக்குத்தான் என்றார்கள். அறையும் உண்டு. ஆனால் வகுப்பை விட்டு ஓடி வரக் கூடாது. பள்ளிக்கூட நேரத்தில் பிள்ளை அவர்கள் வீட்டில் இருக்கட்டும். மருமகள் பிள்ளையோடு இதுவும் ஒன்று. பகலில் எனக்குச் சாப்பாடும் அங்கேதான். இடையில் அழுதால் மருமகள் பால் கொடுப்பாள்.

அவன் வேறொருத்தியிடம் பால் குடிப்பதை நினைத்ததும் எனக்கு மார்பு வலித்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்கே போக? தலையாட்டினேன். ஆட்டிவிட்டு, என்னையறியாமல், “ஒங்க மருமக என்னவெல்லாம் சாப்பிடுதாங்க?” என்று கேட்டுவிட்டேன்.

இசக்கியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். மதினி தலையில் கைவைத்துக்கொண்டார்கள். அப்புறம் இசக்கியம்மாள் ஒரு சிரிப்புச் சிரித்தார்கள், நயினார் பயந்து அழுகிற மாதிரி. “வேல குடுக்கவளையே கேள்வி கேக்கா பாரு! பலாச்சுளை திங்கமாட்டா, போதுமா?” என்றார்கள்.

இது என் சமாச்சாரம். இனி உங்கள் கடிதம்.

ஆறுமுகத்தாய் பெயரை எடுத்தது தப்புத்தான். இனி எடுக்க மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. அவளும் எனக்குப் பிறந்தவள்தானே. பிள்ளைகள் உண்டா என்று கேட்டால் முதலில் அவள்தான் வாயில் வருகிறாள்.

ஒரு சுளைதானே என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள். அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, கூடியிருந்த பெண்கள் முன்னால் அத்தை சொன்னார்கள்: “சுளையத் தின்னுட்டு மாரக் குடுத்தா. பிள்ள மாந்தத்துல போயிட்டு.” அவளுக்கு வந்தது காய்ச்சல். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அன்றைக்கு இந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால், அண்ணாச்சி வீட்டில் கூடையோடு வைத்திருந்தாலும் தின்றிருப்பேன்.

நம்பிக்கொண்டு நான் அதை ஒதுக்கவில்லை. நயினாருக்கு ஏதாவது என்றால் மறுபடியும் ஒரு கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து அதையே கேட்க என்னால் முடியாது. அதுதான்.

ஆள் அனுப்ப வேண்டாம் என்று அத்தைக்கு எழுதுங்கள். பத்தாம் தேதி பள்ளி திறக்கிறது.

சீனித்தாய்

*

கொழும்பு,
13-6-1946

அன்புள்ள சீனித்தாய்க்கு,

மூன்று தாளைக் கிழித்தாகிவிட்டது. கடைக்குக் கடிதம் எழுதச் சொன்னால் ஒரு மூச்சில் எழுதிவிடுவேன்.

அம்மாவுக்கு எழுதிவிட்டேன். நீ அங்கே வரமாட்டாய் என்றும், ஆள் அனுப்ப வேண்டாம் என்றும். பிள்ளை போனது காய்ச்சலில், நீ தின்றதால் அல்ல என்றும் ஒரு வரி எழுதினேன். எழுதிவிட்டு அந்த வரியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தபாலிலும் சேர்த்துவிட்டேன்.

வேலை எப்படி இருக்கிறது? நயினார் அந்த வீட்டில் அழாமல் இருக்கிறானா? இங்கே மழை. கருப்பட்டி மூட்டையெல்லாம் கசிகிறது. முதலாளி எல்லார்மேலும் எரிந்து விழுகிறார்.

ஆவணியில் லீவு கேட்டிருக்கிறேன். தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த அறையில் எனக்கு இடம் இருக்குமா? மச்சான் வீட்டில் தங்கச் சொன்னாலும் சரிதான். நீ சொல்கிறபடி.

உன்,
செந்தில்வேல்

*

தூத்துக்குடி,
27-6-1946

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தத் தடவையும் தாமதம். நாற்பது பெண்பிள்ளைகளின் கட்டுரை நோட்டு என் பாயில் கிடக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு இதை எழுதுகிறேன்.

வேலை பரவாயில்லை. உடம்புதான் ஓய்ந்து போகிறது. பகல் சாப்பாடு தினமும் அண்ணாச்சி வீட்டில். கூடத்திலிருந்து கேள்வியும் தினமும் வருகிறது. பூகோளம் ஏன் இங்கிலீஷில் சொல்லித்தரவில்லை, மூன்றாம் வகுப்பில் யார் சத்தம் போட்டது, இப்படி. வேலை கொடுத்த பிறகும் அந்தச் சாப்பாடு முடியவில்லை. “சோத்தத் திங்கவிடுங்க” என்று இசக்கியம்மாள் தினமும் சத்தம் போடுகிறார்கள். முதல் மூன்று நாள் நயினார் அந்த மருமகளிடம் பால் குடிக்கவில்லை. நாலாம் நாள் குடித்தான். குடித்தான் என்று கேட்டபோது வந்தது சந்தோஷமா வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தைக்கு நீங்கள் எழுதிய வரியைப் பற்றி. எழுதியதற்கு நன்றி என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அத்தைக்குப் படிக்கத் தெரியாது. கடிதத்தை வாசித்துக் காட்டுகிறவர் உங்கள் சின்னையா. அன்றைக்குக் கூட்டத்தில் அத்தைக்கு ஆமாம் போட்டவர் அவர்தான். அந்த வரியை அவர் வாசித்திருக்க மாட்டார். ஆள் வேண்டாம் என்பதை வாசித்திருப்பார், சுகம் கேட்டதை வாசித்திருப்பார், அதோடு மடித்துக் கொடுத்திருப்பார். போன வாரம் உங்கள் ஊரிலிருந்து அண்ணன் கடைக்கு வந்த ஒருவர் அவரிடம், “பட்டணத்துல இருந்துக்கிட்டு இந்தப் பிள்ளைக்கு என்னத்தத் தின்னு குடுக்காளோன்னு பெரியம்மா பொலம்புதாவ” என்று அத்தையைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனாராம்.

அதனால் ஆவணியில் இறங்கியதும் முதலில் இங்கே வர வேண்டாம். நேராக உங்கள் ஊருக்குப் போங்கள். அத்தை எதிரில் உட்கார்ந்து, அந்த வரியை உங்கள் வாயால் சொல்லுங்கள். சண்டை போட வேண்டாம், சத்தம் போட வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் இருக்கிற நேரமாகப் பார்த்துச் சொன்னால் போதும். அத்தை அழுவார்கள். கொஞ்ச நேரம் கூட இருந்து, அவர்கள் ஆக்கிப்போடுவதைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அதன்பிறகு வாருங்கள். எந்த நேரம் ஆனாலும் சரி. கமிட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன். அறை சின்னது. எனக்கும் அவனுக்கும் சரியாக இருக்கிறது. மூன்று பேர் படுத்தால் ஒருவர் காலை மடக்கித்தான் படுக்க வேண்டும். அது நீங்களாக இருங்கள்.

உங்கள்,
சீனித்தாய்